பிளாஸ்மா மெஷின் வெட்ட மறுத்தால்: பெட்டியைத் திறக்கும் முன் நான் பார்ப்பவை

உலோகத் தகட்டை மின்சாரத்தாலும் காற்றாலும் வெட்டும் பிளாஸ்மா மெஷின் மக்கர் செய்கிறது என்றதும் பலருடைய கை முதலில் போவது ஸ்க்ரூடிரைவருக்குத்தான். மூடியைக் கழற்றி, உள்ளே போர்டு கருகியிருக்கிறதா என்று பார்த்துவிடத் தோன்றுகிறது. கையில் பிடித்து வெட்டும் டார்ச்சிலும், கம்ப்யூட்டர் டார்ச்சை நகர்த்தி வெட்டும் சிஎன்சி டேபிளிலும் பல வருஷமாக வெட்டிக்கொண்டிருப்பவன் நான். என் கைக்கு வந்த பழுதுகளில் பெரும்பங்கு பெட்டிக்கு வெளியேதான் இருந்தது. காற்று, எர்த், டார்ச் நுனியில் தேயும் பாகங்கள், மின்சாரம் ஆகிய நான்கையும் ஒழுங்காகப் பார்த்து முடிப்பதற்குள் மெஷின் அநேகமாக வெட்டத் தொடங்கிவிடும். போர்டு உண்மையிலேயே போயிருந்தாலும், இந்த நான்கும் சரி என்று உறுதியான பிறகுதான் அதை நம்பிச் சொல்ல முடியும்.

எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டுமானால் ஆர்க், அதாவது இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி, எப்படிப் பிறக்கிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்பது மனதில் இருக்க வேண்டும். டார்ச்சின் நடுவில் இருக்கும் எலக்ட்ரோடு செம்பால் ஆனது. அதன் முகத்தில் பொட்டு வைத்தது போல ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சிறு துண்டைப் பதித்திருப்பார்கள். ஆர்க் கிளம்புவது அந்தப் பொட்டிலிருந்து. எலக்ட்ரோடைச் சுற்றி ஸ்வர்ல் ரிங் இருக்கிறது. அதில் சாய்வாகப் போட்ட துளைகள் வழியாகக் காற்று சுழன்றபடி உள்ளே வருகிறது. முதலில் எலக்ட்ரோடுக்கும், அதை மூடி நிற்கும் துளையுள்ள செம்பு முனையான நாசிலுக்கும் இடையே சின்னதாகப் பைலட் ஆர்க் பிடிக்கும். காற்று அதை நாசில் துளை வழியாக வெளியே தள்ளும். அது தகட்டைத் தொட்டதும் கரண்ட் தகடு வழியாகவும் எர்த் கிளாம்ப் வழியாகவும் மெஷினுக்குத் திரும்பும். அதன் பிறகுதான் முழு ஆம்பியரும் இறங்கும். துளைக்குள் நெருக்கப்பட்ட ஆர்க்கின் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. செம்பு உருகுவது 1,085 டிகிரியில். அப்படியிருந்தும் நாசில் பிழைத்திருக்கிறது என்றால், ஆர்க்குக்கும் நாசில் சுவருக்கும் நடுவே சுழன்று ஓடும் குளிர்ந்த காற்றுப் படலம்தான் காரணம்.

அதாவது காற்றுக்கு இங்கே இரண்டு வேலை. பிளாஸ்மாவாக மாறி வெட்டுவதும் அதுதான், டார்ச்சைக் குளிர வைப்பதும் அதுதான். காற்றில் குறை வந்தால் வெட்டும் கெடும், பாகங்களும் சீக்கிரம் போகும். இரண்டும் சேர்ந்தே நடந்தால் நான் வேறு எதையும் தொடுவதில்லை, நேராகக் கம்ப்ரசர் பக்கம் போய்விடுவேன்.

காற்றில் ஆரம்பிப்போம்

கேஜைப் பார்த்து "பிரஷர் சரியாத்தான் இருக்கு" என்று சொல்வார்கள். டார்ச்சில் காற்று ஓடாதபோது பார்த்த அளவு அது. ஓடாதபோது 7 பார் காட்டும் லைன், ட்ரிக்கரை அழுத்தியதும் 4 பாருக்கு இறங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மெல்லிய ஹோஸ், நீளமான ஹோஸ், குறுகலான குவிக் கப்ளர், அடைத்த ஃபில்டர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மெஷினில் கேஸ் டெஸ்ட் ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டு, காற்று பீறிட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கேஜைப் பாருங்கள். மேனுவலில் கொடுத்திருக்கும் அளவு பெரும்பாலும் அந்த ஓட்ட நிலைக்கானது. பல ஏர் பிளாஸ்மா மெஷின்களில் அது 4.5 முதல் 6 பாருக்குள் இருக்கும்.

பிரஷர் மட்டும் போதாது, அளவும் வேண்டும். 40, 45 ஆம்பியர் மெஷினுக்கே நிமிடத்துக்கு 150 முதல் 200 லிட்டர் காற்று தேவைப்படும். கம்ப்ரசரின் பெயர்ப்பலகையில் இருக்கும் எண், பிஸ்டன் உள்ளே இழுக்கும் கொள்ளளவாக இருக்கலாம். உண்மையில் வெளியே வருவது அதைவிடக் குறைவு. சின்ன வெட்டுகள் நன்றாக வந்து, நீளமான வெட்டின் கடைசியில் மட்டும் ஆர்க் தடுமாறுகிறது என்றால் டேங்க் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிரஷர் கூடினாலும் தொல்லைதான். ஆர்க் பிடிக்கவே சிரமப்படும், பிடித்த ஆர்க்கைக் காற்றே ஊதி அணைக்கும், எலக்ட்ரோடு வேகமாகக் குழிந்துபோகும். "கூட வச்சா நல்லா வெட்டும்" என்று ரெகுலேட்டரை முறுக்கும் பழக்கத்தை விடச் சொல்லி நான் பலரிடம் மன்றாடியிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட மோசம் ஈரம். ஒரு டேபிளில் காலையில் வெட்டு பளிச்சென்று வரும். மத்தியானம் தாண்டினால் எலக்ட்ரோடு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். டார்ச்சை மாற்றலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. விஷயம் கம்ப்ரசரில் இருந்தது. நாள் முழுக்க ஓடியதில் அது சூடேறி, வெளிவரும் காற்றும் சூடாகவே வந்தது. சூடான காற்று ஈரத்தை ஆவியாகவே சுமந்து போகும். ஃபில்டரைக் கம்ப்ரசருக்கு அடுத்தே மாட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் ஈரம் இன்னும் தண்ணீராக மாறியிருக்காது, ஃபில்டர் எதைப் பிடிக்கும்? குழாயில் ஓடி ஆறிய பிறகு, டார்ச்சுக்குப் பக்கத்தில் வந்துதான் அது சொட்டுச் சொட்டாகப் பிரிந்தது. ஃபில்டரை மெஷினுக்குப் பக்கத்தில் மாற்றினோம். மெயின் குழாயின் அடியிலிருந்து எடுத்திருந்த கிளையை மேல்பக்கத்திலிருந்து எடுத்தோம். குழாயின் கடைக்கோடியில் தண்ணீர் தங்க ஒரு கீழ்க்கால் வைத்து, அதில் டிரெயின் வால்வு போட்டோம். டார்ச்சைத் தொடவே இல்லை, பிரச்சினை போய்விட்டது.

உங்கள் லைனில் ஈரமோ எண்ணெயோ இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கேஸ் டெஸ்டில் காற்றை மட்டும் ஓடவிட்டு, நாசிலுக்கு முன்னால் சுத்தமான வெள்ளைத் துணியைச் சிறிது நேரம் பிடியுங்கள். அந்த வசதி இல்லாத மெஷின் என்றால் அதை ஆஃப் செய்துவிட்டு, வால்வை மூடி ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் துணியைப் பிடித்துக்கொண்டு வால்வை மெதுவாகத் திறக்கலாம். துணி நனைந்தால் தண்ணீர். மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை விழுந்தால் கம்ப்ரசர் எண்ணெய். காலை, மாலை இரண்டு வேளையும் செய்து பாருங்கள், வித்தியாசம் துணியிலேயே தெரியும். சிலிக்கா ஜெல் ட்ரையர் வைத்திருப்பவர்கள் மணிகளின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். நீல மணி இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. அதை வைத்திருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

பைலட் வருகிறது, ஆனால் தகட்டில் பிடிக்கவில்லை

"அண்ணே, நுனியில தீ வருது, பிளேட்டுல ஒட்ட மாட்டேங்குது" என்று புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஓடி வந்தார். "கிளாம்பு எங்கடா மாட்டியிருக்க?" என்று கேட்டேன். பெயின்ட் அடித்த டேபிள் காலில் மாட்டியிருந்தார். கிளாம்பை நேராகத் தகட்டில், எமரி தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் மாட்டச் சொன்னேன். மறுபடி ட்ரிக்கர் அழுத்தியதும் பிடித்துக்கொண்டது.

பைலட் ஆர்க் நன்றாக வருகிறது என்றாலே பவர் சோர்ஸ், காற்று, டார்ச் மூன்றும் ஓரளவு வேலை செய்கின்றன என்று பொருள். திரும்பி வரும் பாதைதான் அறுந்திருக்கிறது. துரு, பெயின்ட், மில் ஸ்கேல் (புதுத் தகட்டின் மேல் இருக்கும் கருத்த ஆக்சைடு படலம்), டேபிள் பட்டைகளின் மேல் படிந்த கசடு என்று எல்லாமே தடைதான். கிளாம்ப் தகட்டில்தான் இருக்கிறது, ஆனாலும் ஒட்டவில்லை என்றால் கேபிளையும் அதன் முனைகளையும் பாருங்கள். கிளாம்புக்குள் கேபிள் நுனியைப் பிடிக்கும் லக், ரப்பர் உறைக்கு அடியில் கருகியிருப்பது சாதாரணம். வெளியே கேபிள் தடிமனாகவே இருக்கும், உள்ளே பாதி இழைகள் அறுந்திருக்கும். கொஞ்ச நேரம் வெட்டிவிட்டு மெஷினை ஆஃப் செய்து, கிளாம்பையும் லக்கையும் தொட்டுப் பாருங்கள். கேபிள் சாதாரணமாக இருந்து லக் மட்டும் கொதித்தால், குறை இருக்கும் இடம் அதுதான்.

சின்னத் துண்டு வெட்டும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறுந்து கீழே விழப்போகும் துண்டில் கிளாம்ப் மாட்டினால், விழும் நொடியில் கரண்ட் பாதையும் அறுந்து ஆர்க் இழுபட்டு அணையும். மிச்சம் நிற்கும் பெரிய பகுதியில்தான் மாட்ட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் டார்ச் தகட்டிலிருந்து ரொம்ப உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பைலட்டே வரவில்லை என்பது வேறு கதை. அப்போது முதலில் பார்ப்பது டார்ச்சின் மூடி. பெரும்பாலான டார்ச்சுகளில் ரிடெய்னிங் கேப் முழுசாக இறுகியிருந்தால்தான் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் அனுமதி கொடுக்கும். கால் சுற்று தளர்ந்திருந்தாலும் மெஷின் எரர் விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கும். அதற்காகப் பிளையர் போட்டு முறுக்க வேண்டாம், கையால் இறுக்கினால் போதும். அடுத்தது, உள்ளே ஏதாவது பாகம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது. அவசரத்தில் ஸ்வர்ல் ரிங் இல்லாமலே பூட்டிவிடுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கும்.

காற்றால் எலக்ட்ரோடு பின்னுக்குத் தள்ளப்பட்டு ஆர்க் பிறக்கும் வகை டார்ச் என்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு எலக்ட்ரோடை விரலால் அழுத்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். சிக்கினால் பைலட் வராது, வந்தாலும் விட்டுவிட்டு வரும். உயர் அதிர்வெண் பொறியால் தொடங்கும் ஹெச்.எஃப். வகை என்றால் ஸ்பார்க் கேப் அழுக்காகியிருக்கலாம், இடைவெளி கூடியிருக்கலாம். அது பெட்டிக்குள் இருப்பதால் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. அந்த வகை மெஷினை சிஎன்சி டேபிளில் மாட்டிவிட்டு, ஆர்க் பிடிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது என்று தவிப்பவர்கள் உண்டு. அந்தப் பொறி ரேடியோ இரைச்சலாகப் பரவுகிறது. டேபிளுக்குத் தனி எர்த், சிக்னல் கேபிளுக்கு ஷீல்ட், டார்ச் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒன்றாகக் கட்டப்படாமல் தள்ளிப் போவது ஆகிய மூன்றையும் செய்தால் பெரும்பாலும் அடங்கும்.

கழற்றிய எலக்ட்ரோடைத் தூக்கிப் போடாதீர்கள்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி. தேய்ந்த எலக்ட்ரோடையும் நாசிலையும் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், என்ன நடந்தது என்பது அதிலேயே எழுதியிருக்கும். குப்பையில் போடும் முன் ஒரு நிமிடம் பார்க்கும் பழக்கம் எந்த மீட்டரையும்விட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

எலக்ட்ரோடின் முகத்தை நேராகப் பாருங்கள். ஹாஃப்னியம் பொட்டின் நடுவே வட்டமாக, சீராகக் குழி விழுந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். பொதுவாகக் குழியின் ஆழம் 1 மி.மீ. தாண்டினால் மாற்றிவிடுவேன். சில டார்ச்சுகளுக்கு 1.5 மி.மீ. வரை அனுமதி உண்டு, அந்தந்த மேனுவல் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆழம் பார்க்க வெர்னியரின் பின்பக்கத்தில் வரும் மெல்லிய குச்சி போதும். அளவு தாண்டியும் ஓட்டினால் பொட்டு முழுசாகத் தீர்ந்து ஆர்க் செம்பைத் தின்னத் தொடங்கும். அப்போது எலக்ட்ரோடு மட்டும் போகாது, நாசிலையும் சில நேரம் டார்ச் தலையையும் கூட்டிக்கொண்டு போகும்.

குழி நடுவில் விழாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் காற்று சமமாகச் சுழலவில்லை. ஸ்வர்ல் ரிங்கை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எல்லாத் துளைகளும் ஒரே அளவில் வெளிச்சம் விட வேண்டும். ஒரு துளையில் அழுக்கோ கிரீஸோ அடைத்திருந்தாலும், மயிரிழை விரிசல் இருந்தாலும் ஆர்க் சாயும். முகத்தின் செம்பு நீலமும் கறுப்புமாக நிறம் மாறிச் சுற்றிலும் உருகியிருந்தால் குளிர்ச்சி போதவில்லை. காற்று குறைந்திருக்கும் அல்லது அந்தப் பாகத்துக்கு மீறிய ஆம்பியர் வைத்திருப்பார்கள். குழி சீக்கிரமே ஆழமாகி, நாசிலின் உட்புறம் கரி படிந்திருந்தால் நான் மறுபடி அந்த வெள்ளைத் துணியைத்தான் எடுப்பேன்.

அடுத்து நாசில். துளை கச்சிதமான வட்டமாக இருக்க வேண்டும். நீள்வட்டமாகவோ ஓரத்தில் வெட்டுப்பட்டோ இருந்தால் வெட்டு ஒரு பக்கம் சாயும், எவ்வளவு ஸ்பீடு மாற்றினாலும் தீராது. தகட்டை நோக்கிய முகத்தில் உலோகத் துளிகள் ஒட்டி, துளையைச் சுற்றி அரித்திருந்தால் துளை போடும்போது டார்ச் தாழ்வாக இருந்திருக்கிறது. பியர்சிங் செய்யும்போது உருகிய உலோகம் கீழே போக வழியில்லாமல் மேலேதான் தெறிக்கும். அதனால் பியர்சிங் உயரம் வெட்டும் உயரத்தைப் போல 1.5 முதல் 2 மடங்கு வைக்க வேண்டும். கை டார்ச் என்றால் சாய்த்துப் பிடித்து ஆரம்பித்து, தெறிப்பு ஒதுங்கியதும் மெல்ல நிமிர்த்த வேண்டும். தகடு தடிமனாக இருந்தால் துளை போடவே வேண்டாம், விளிம்பிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு மெஷின் விளிம்பிலிருந்து வெட்டக்கூடிய தடிமனும், துளை போடக்கூடிய தடிமனும் ஒன்றல்ல. விற்கும்போது பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள்.

இந்தப் பாகங்களின் ஆயுளை மணிக்கணக்கில் அளப்பதைவிட, எத்தனை முறை ஆர்க் பிடித்தது என்று அளப்பதுதான் சரி. ஒவ்வொரு முறை பிடித்து அணையும்போதும் ஹாஃப்னியத்தில் கொஞ்சம் கரைந்து போகிறது. நீளமாக ஒரே வெட்டு வெட்டுபவருக்கு நாள் முழுக்க உழைக்கும் எலக்ட்ரோடு, சின்னச் சின்னத் துளைகள் போடுபவருக்கு அதில் ஒரு பகுதி நேரம்கூட வராது. அதனால் ட்ரிக்கரைக் காற்றில் அழுத்தி "வருதா பார்ப்போம்" என்று பைலட்டைச் சீற விடாதீர்கள். பைலட் ஓடும் ஒவ்வொரு நொடியும் ஆர்க் நாசில் மேலேதான் நிற்கிறது. வெட்டு முடியும் இடத்தில் டார்ச் தகட்டை விட்டு வெளியே ஓடி ஆர்க் இழுபட்டு அணைவதும் அதேபோல ஆயுளைக் குறைக்கும். வெட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காற்று ஓடுகிறதே, அது டார்ச்சைக் குளிர வைக்கத்தான். அந்த நேரத்தில் கம்ப்ரசர் வால்வை மூடுவதும், மெயின் ஸ்விட்சை அணைப்பதும் கூடாது.

நாசிலும் எலக்ட்ரோடும் ஜோடியாக மாற வேண்டும் என்பது என் கருத்து. ஆழமாகக் குழிந்த எலக்ட்ரோடோடு புது நாசிலைச் சேர்த்தால் அந்த நாசில் நிலைக்காது. ஒன்றில் மிச்சம் பிடிப்பது இன்னொன்றில் போய்விடுகிறது. நாசிலில் பொறித்திருக்கும் ஆம்பியர் அளவையும் பாருங்கள். 40 ஆம்பியர் நாசிலில் 60 வைத்தால் துளை உருகி விரியும். 60 ஆம்பியர் நாசிலில் 40 வைத்தால் ஆர்க் நெருக்கமில்லாமல் வெட்டு மந்தமாகும். துளையைச் சுத்தம் செய்கிறேன் என்று டிரில் பிட்டோ இரும்புக் கம்பியோ விட வேண்டாம். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும், பளபளப்பு தெரியும் அளவு தடவினால் போதும். அதற்கு மேல் தடவினால் மிச்சம் போய் ஸ்வர்ல் ரிங் துளையில் உட்காரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாகம் மாற்றும் முன் மெஷினை அணையுங்கள், ஒவ்வொரு முறையும். ஆர்க் இல்லாத நிலையில் டார்ச்சுக்கு வரும் வோல்டேஜ் பல மெஷின்களில் 200 முதல் 400 வோல்ட் டிசி வரை இருக்கும். வெல்டிங் மெஷினைத் தொட்டுப் பழகிய தைரியம் இங்கே செல்லாது. பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மெயினை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் சார்ஜோடு இருக்கும். மூடியைத் திறக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் காரணம்.

வெட்டிய விளிம்பு சொல்வது

மெஷின் ஓடுகிறது, ஆனால் வெட்டு அழகாக இல்லை என்பது அடுத்த வகைப் புகார். அடியில் ஒட்டும் கசடை முதலில் உடைத்துப் பாருங்கள். தடியாக, நுரை போல உப்பி, சுத்தியலால் லேசாகத் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தால் மெதுவாக வெட்டியிருக்கிறீர்கள். வெட்டுப் பிளவு அகலமாகி, உருகியதை முழுசாக ஊதித் தள்ள ஆர்க்கால் முடியவில்லை. மெல்லிய கோடாக, கிரைண்டர் போட்டால்தான் போகும் அளவுக்கு இறுகி ஒட்டியிருந்தால் வேகம் அதிகம். இரண்டுக்கும் நடுவே கசடே இல்லாத ஒரு வேகம் இருக்கும். மேனுவல் அட்டவணையில் இருக்கும் எண்ணிலிருந்து ஆரம்பித்து, ஒரு வீணான தகட்டில் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வெட்டிப் பார்த்தால் கிடைத்துவிடும். மேற்பரப்பில் தெறித்துக் கிடந்தால் டார்ச் உயரம் அதிகம், அல்லது வேகம் அதிகம், அல்லது நாசில் போய்விட்டது.

கை டார்ச்சில் அட்டவணை கிடையாது, கண்தான். தகட்டுக்கு அடியில் பொறி எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். செங்குத்திலிருந்து 15 முதல் 30 டிகிரி பின்னால் சாய்ந்து போக வேண்டும். நேர் கீழே கொட்டினால் நீங்கள் இன்னும் வேகமாகப் போகலாம். பொறி மேலே திரும்பித் தெறித்தால் தகடு முழுசாகத் துளைபடவில்லை, அங்கேயே நிதானித்துப் பிடிக்க வேண்டும்.

விளிம்பு சாய்வாக வருவதுதான் அதிகம் குழப்புவது. இதற்கு நான் ஒரு சதுரத் துண்டு வெட்டி, வெட்டிய திசையை சாக்பீஸால் அதன் மேல் குறித்துக்கொள்வேன். நான்கு பக்கமும் ஒரே மாதிரி மேலே குறுகி அடியில் அகலமாக இருந்தால் டார்ச் உயரம் அதிகம். தலைகீழாக இருந்தால் டார்ச் தாழ்வு. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால் புது நாசில் போட்டு வெட்டிப் பார்ப்பேன். சாய்வு போய்விட்டால் பழைய நாசில்தான் காரணம், அப்படியே இருந்தால் டார்ச் செங்குத்தாக இல்லை, மட்டம் வைத்து நிமிர்த்த வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பிளாஸ்மாவில் வெட்டின் ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். காற்று சுழன்று வருவதால் இது தவிர்க்க முடியாதது. பெரும்பாலான டார்ச்சுகளில், நகரும் திசையில் பார்க்கும்போது வலது பக்கம் நேராகவும் இடது பக்கம் சாய்வாகவும் வரும். அதனால் துண்டின் வெளி விளிம்பைக் கடிகாரச் சுற்றிலும், உள்ளே இருக்கும் துளைகளை எதிர்ச்சுற்றிலும் வெட்ட வேண்டும். அப்போது நல்ல பக்கம் துண்டில் நிற்கும், சாய்வான பக்கம் கழிவோடு போகும். தகட்டில் துண்டுகளை அடுக்கிக் கொடுக்கும் நெஸ்டிங் சாஃப்ட்வேரில் திசை தலைகீழாக இருந்ததற்காக டார்ச்சையே குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிஎன்சியில் ஆர்க் வோல்டேஜை வைத்து டார்ச் உயரத்தைச் சரிசெய்யும் டி.ஹெச்.சி. இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். ஆர்க் நீளமானால் வோல்டேஜ் கூடும், உடனே டார்ச் கீழே இறங்கும். எலக்ட்ரோடு குழியக் குழிய அதே உயரத்திலும் வோல்டேஜ் கூடிக்கொண்டே போகும். டி.ஹெச்.சி. அதை உயரம் என்று எடுத்துக்கொண்டு டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டே வரும், கடைசியில் தகட்டில் உரசும். புது எலக்ட்ரோடில் சரியாக இருந்த செட்டிங், தேய்ந்த பிறகு உரசுகிறது என்றால் காரணம் இதுதான். மூலைகளிலும் இதே கதை. அங்கே மெஷின் வேகத்தைக் குறைக்கும், பிளவு அகலமாகும், வோல்டேஜ் ஏறும், டார்ச் குத்தும். மூலையிலும், ஏற்கெனவே வெட்டிய பிளவைக் கடக்கும் இடத்திலும் டி.ஹெச்.சி.யைப் பூட்டி வைக்கும் வசதி எல்லா நல்ல கன்ட்ரோலரிலும் உண்டு, அதை ஆன் செய்து வையுங்கள்.

நடுவில் நின்றுபோனால்

வெட்டிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றால் பெரும்பாலும் சூடுதான். டூட்டி சைக்கிள் 50 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 5 நிமிடம் வெட்டி 5 நிமிடம் விட வேண்டும். அதுவும் பொதுவாக 40 டிகிரி சுற்றுப்புற வெப்பத்தில் சொன்ன கணக்கு. கூரைத் தகட்டுக்கு அடியில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். விளக்கு எரிந்ததும் மெஷினை ஆஃப் செய்துவிடாதீர்கள். ஃபேன் ஓடினால்தான் உள்ளே ஆறும். பின்பக்கக் காற்றுத் துளைகளைக் கிரைண்டிங் தூசி அடைத்திருந்தால் டூட்டி சைக்கிள் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். அந்தத் தூசி இரும்பு என்பதால் போர்டின் மேல் படிந்தால் ஷார்ட்டும் ஆகும். கிரைண்டர் அடிக்கும் இடத்தைவிட்டு மெஷினைத் தள்ளி வையுங்கள்.

ஆர்க் காரணமில்லாமல் அணைவதற்கு மின்சாரமும் ஒரு காரணம். ஒரு பட்டறையில் வெட்டு சில சமயம் சரியாக வரும், சில சமயம் பாதியில் அறுந்துபோகும். நேரம் வைத்துப் பார்த்ததில், கம்ப்ரசர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் ஆர்க் அணைவது தெரிந்தது. இரண்டும் ஒரே லைனில் இருந்தன. 45 ஆம்பியரில் வெட்டும் மெஷின் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் 30 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதன் மேல் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்ட்டும் ஏறினால் வோல்டேஜ் படுத்துவிடும். மெஷினுக்குத் தனி லைன் இழுத்ததும் நின்றது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் கேபிளும், அதைச் சுருட்டிய நிலையிலேயே வைத்து ஓட்டுவதும் இதே பலனைத்தான் தரும். த்ரீ ஃபேஸ் மெஷின் என்றால் ஒரு ஃபேஸ் விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வோல்டேஜை எப்போதும் வெட்டிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எல்லா லைனும் நல்ல லைன்தான்.

பழுது தேடும் மும்முரத்தில் கண்ணையும் நுரையீரலையும் மறந்துவிடுகிறோம். 40 ஆம்பியர் வரை 5-ஆம் எண் கண்ணாடி, 40 முதல் 60 வரை 6, அதற்கு மேல் 8 போட்டுக்கொள்ளுங்கள். கால்வனைஸ்டு தகடு வெட்டினால் துத்தநாகப் புகை வரும், ஸ்டெயின்லெஸ் வெட்டினால் குரோமியம் கலந்த புகை வரும். புகை இழுக்கும் வசதி இல்லாமல் இரண்டையும் மூடிய இடத்தில் வெட்டக் கூடாது. வாட்டர் டேபிளில் அலுமினியம் வெட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அடியில் சேரும் அலுமினியத் துகள் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும். அது தகட்டுக்கு அடியில் தங்கினால் வெடிக்கும்.

இத்தனையும் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிடும்போது "மெஷின் ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த விளக்கு எரிகிறது அல்லது என்ன எரர் எண் காட்டுகிறது, பைலட் வருகிறதா இல்லையா, காற்று ஓடும்போது கேஜ் எவ்வளவு, வெட்டும்போது இன்புட் வோல்டேஜ் எவ்வளவு, கடைசியாகப் பாகங்கள் எப்போது மாற்றினீர்கள் என்று எழுதி வைத்துச் சொல்லுங்கள். பழைய எலக்ட்ரோடையும் நாசிலையும் போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. விஷயம் தெரிந்த ஆளாக இருந்தால், எந்த போர்டை எடுத்து வர வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுவார்.